கோதுமை நிறம்

கறிக்கடைக்காரர் தஸூகி, மரியாதையாக முஅல்லிம் தஸூகி, கல்யாண ஆல்பத்தைக் கவுன்டர்மேல் ஓங்கிப் போட்டார். கண்ணாடி உடையவில்லை. அன்றைக்கு அந்த ஸ்டூடியோவில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"இது யாருன்னு சொல்லு" என்றார். கடையிலிருந்து நேராக வந்திருந்தார். இடுப்பில் கட்டிய துணியில் ரத்தம் இன்னும் காயவில்லை.

ஸ்டூடியோ முதலாளி ருஷ்தி கைபேசியிலிருந்து கண்ணை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தான். "உங்க பொண்ணு, முஅல்லிம். நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்."

"என் பொண்ணா? நான் என்ன எலுமிச்சம்பழமா பெத்தேன்?"

ருஷ்தி பக்கத்தைப் புரட்டினான். மாப்பிள்ளையும் மஞ்சள். மாமியாரும் மஞ்சள். மேடையில் வைத்திருந்த வெள்ளைக் கேக், பாட்டுக்காரனின் வெள்ளைக் கோட்டு, எல்லாம் மஞ்சள்.

"ஜோடி பொருத்தமாத்தான் இருக்கு முஅல்லிம்" என்று சொல்லிப் பார்த்தான்.

"பொருத்தம் பாக்கவா உன்கிட்ட வந்தேன்? அவ மாமியார்க்காரி இந்த ஆல்பத்த ஷுப்ராப் பேட்டை பூரா காட்டி, சீக்காளிப் பொண்ண எங்க தலையில கட்டிட்டாங்கன்னு ஒப்பாரி வைக்கிறா. எவன் இந்த வேலையப் பாத்தது? வெளிய வரச் சொல்லு. கத்திய கடையிலயே வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன், பயப்பட வேணாம்."

உள்ளறையில் இருந்த வஹீப் தத்ரோஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பயத்தால் அல்ல, அவமானத்தால் எழுந்திருக்க முடியவில்லை.

ஷுப்ராவில் படம் எடுக்க நூறு பேர் உண்டு. எடுத்த படத்துக்குச் சரியான நிறம் கொடுக்க வஹீப் ஒருவர்தான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ருஷ்தியின் அப்பா காலத்தில், இருட்டறையில் தொட்டித் தண்ணீரில் படம் கழுவத் தொடங்கியவர். கம்ப்யூட்டர் வந்தபோது, வேலை போய்விடும் என்று மற்றவர்கள் அலறிக்கொண்டிருக்க, இவர் பேசாமல் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டச்சிங் வேலைக்கு அவர் வைத்திருந்த முறை ஒன்றே ஒன்று. இடது கையைத் தூக்கி, புறங்கையை மானிட்டரில் தெரியும் முகத்துக்குப் பக்கத்தில் வைப்பார். எங்கள் ஊர்க்காரன் தோல் கோதுமை நிறம். வஹீபின் புறங்கை அசல் கோதுமை நிறம். படத்திலுள்ள முகம் அந்தக் கையோடு ஒத்துப்போகும்வரை நிறத்தைக் கூட்டுவார், குறைப்பார். முகம் சரியாகிவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. கறுத்தவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, வெளுத்தவர்களுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் ஒரு மணப்பெண்கூடக் குறை சொன்னதில்லை.

வெளியே வந்தார். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் கடுகளவு தெரிந்தன. ஆல்பத்தை வாங்கி, புறங்கையைப் பெண்ணின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அச்சு அசலாக ஒத்துப்போனது. அதை இப்போது சொன்னால் தஸூகி கடைக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்துவிடுவார் என்று தோன்றியது.

"மானிட்டர் பழசாயிடுச்சு முஅல்லிம்" என்றார். "அது காட்டுறது ஒண்ணு, அச்சுல வர்றது ஒண்ணு. புதுசா போட்டுத் தர்றேன்."

தஸூகி போன பிறகு ருஷ்தி அவரைப் பார்த்தான். பார்த்தான் என்றால், கைபேசியைப் பார்த்தபடியே அவர் பக்கம் திரும்பினான்.

"உஸ்தாஸ் வஹீப், புது மானிட்டர் வாங்கித் தர்றேன். அதுலயும் இப்படின்னா, ஈஸ்டர் முடிஞ்சதும் அந்த நாற்காலியில என் அக்கா மகன் ஷாதி உக்காருவான். அவன் போன்லயே எல்லாம் முடிச்சிடுறான். ஒரு பட்டனைத் தட்டுனா மூஞ்சி பாலாட்டம் வந்து நிக்குது."

ருஷ்தி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு இதே கவுன்டரில் மூக்கொழுகி நின்றதை வஹீப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லிக் காட்டவில்லை. அந்த நாற்காலியை விட்டால் அவருக்குப் போக இடம் கிடையாது. வேறு எந்த வேலையும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வயதும் போய்விட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டு சட்டையை மாட்டிக்கொண்டு மானிட்டர் வாங்கக் கிளம்பினார்.

வெளியே கம்ஸீன் காற்று. பாலைவனத்து மண்ணையெல்லாம் வாரிக் கொண்டுவந்து ஊர்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. வானம், பஸ், போக்குவரத்துப் போலீஸ்காரனின் வெள்ளை உடுப்பு, எல்லாமே ஒரே பழுப்பு மஞ்சள். ஊரே இந்த நிறத்தில் இருக்கும்போது தஸூகியின் மகள் மட்டும் ரோஜாவாக இருக்க வேண்டுமாக்கும் என்று வஹீப் முனகிக்கொண்டார். கையை வேறு அரித்தது. கம்ஸீன் தூசி பட்டால் அரிக்கத்தான் செய்யும்.

கம்ப்யூட்டர் கடைத்தெருவில் மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு நடந்துகொண்டிருந்தது. கறி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. அவித்த மொச்சையும் எண்ணெயும்தான். இந்த வருஷம் அந்த மொச்சை வாசனையே அவருக்கு ஆகவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்ததும் பாதிரியார் மீகாயீல் அவரை நிறுத்திவைத்து, "இதான்யா நோன்பு! முகம் சுருங்கி, கோயில் படத்துல இருக்கிற பாலைவனத் துறவி மாதிரியே ஆயிட்ட" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். வஹீபுக்குப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு இன்னும் குறைவாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

கடைக்காரன் ஹுஸாம் நல்ல பையன். வாய்தான் காதுவரைக்கும் இருந்தது.

"வாங்க சித்தப்பா. கேம் ஆடவா, ஆபீஸுக்கா?"

"நிறம் பாக்க. உள்ளது உள்ளபடி காட்டணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

"அப்படிச் சொல்லுங்க!" ஹுஸாம் அவரை ஒரு சுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். சுவர் நிறைய மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே தர்பூசணி.

"கிளிய எவன் பாத்தான்? மனுஷன் மூஞ்சியக் காட்டு."

ஹுஸாம் எங்கிருந்தோ ஒரு பெண்ணின் முகத்தைத் தேடி எடுத்து எல்லா மானிட்டர்களிலும் போட்டான். வஹீப் புறங்கையைத் தூக்கி முதல் மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வெந்த இறால் மாதிரி இருக்கா."

அடுத்தது. "இவளும் இறால்தான்."

அதற்கடுத்தது. "இவளுக்கு யாரோ கன்னத்துல அறைஞ்சிருக்காங்க."

"சித்தப்பா" என்றான் ஹுஸாம், "ஊர்ல எல்லாரும் மானிட்டர கண்ணால பாத்து வாங்குவாங்க. நீங்க என்ன, கையால பாத்து வாங்குறீங்க?"

"கண்ணு ஏமாந்துடும் தம்பி. ஒரு நிறத்தையே ரொம்ப நேரம் பாத்தா, அதுதான் சரின்னு பழகிடும். கை அப்படியில்ல. பொறந்ததுலருந்து கூடவே இருக்கு."

கடைசியில் ஹுஸாம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே தொழிற்சாலைக்காரர்களே சோதித்துப் பார்த்து முத்திரை குத்திய தாள் இருந்தது. வெளிச்சம் மேலே படாமலிருக்கக் குதிரைக்குப் போடுவதுபோல் இரண்டு பக்கமும் மறைப்பு இருந்தது. "இது பொய்யே சொல்லாது சித்தப்பா. எங்கம்மா மேல சத்தியம். கறுப்பு கறுப்பாத் தெரியும், வெளுப்பு வெளுப்பாத் தெரியும். திரையில என்ன இருக்கோ அதுதான் அச்சுல வரும்." ருஷ்தி எவ்வளவு சொல்லி அனுப்பியிருந்தானோ அதைவிடக் கொஞ்சம் கூட ஆனது. வஹீப் தன் பையிலிருந்து போட்டு வாங்கிக்கொண்டார்.

ஹுஸாம் பொய் சொல்லவில்லை. திரையில் இருந்ததுதான் அச்சில் வந்தது. சிக்கலே அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

பழைய மானிட்டரில் முகங்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். புதியதில் ஒவ்வொரு முகமும் பளிச்சென்று சிவந்து நின்றது. புறங்கையைப் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. வஹீப் சிவப்பைக் குறைத்தார், மஞ்சளைக் கூட்டினார். கை ஒத்துக்கொள்ளும்வரை கூட்டிக்கொண்டே போனார். தஸூகியின் மகளை மறுபடி அச்சடித்து அனுப்பிவிட்டு, பாலர் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழாப் படங்களை முடித்தார்.

மறுநாள் பள்ளியின் தலைமையாசிரியை போன் செய்தாள். ருஷ்தி ஸ்பீக்கரில் போட்டான்.

"உங்க ஸ்டூடியோவுக்கு என்ன கேடு வந்துச்சு? பெத்தவங்க கூட்டமா வந்து நிக்கிறாங்க. பிள்ளைங்களுக்கு அப்படி என்ன சாப்பாடு போடுறீங்கன்னு கேக்கிறாங்க. ஒருத்தர் சுகாதார ஆபீஸுக்கே எழுதப்போறேங்கிறார்!"

போனை வைத்ததும் ருஷ்தி உள்ளறைக்கு வந்தான். திரையைக் காட்டினான். "உஸ்தாஸ், இதுல பாருங்க. இதுலயும் மஞ்சளாத்தானே இருக்கு? என் கண்ணுக்கே தெரியுது."

"உன் கண்ணு போனைப் பாத்துப் பாத்துக் கெட்டுப்போச்சு." வஹீப் புறங்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். "இப்பப் பாரு. ஒட்டவெச்ச மாதிரி இல்ல?"

ருஷ்தி பார்த்தான். இரண்டும் ஒட்டவைத்த மாதிரிதான் இருந்தன. அவன் குழம்பிப்போனான்.

வஹீபுக்கு அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது. கோளாறு மானிட்டரில் இல்லை. கோளாறு ஊரில். எல்லோர் கையிலும் போன். போனில் எடுக்கிற படமெல்லாம் மூஞ்சியைத் தானாகவே வெளுத்துவிடுகிறது. வெளுத்த மூஞ்சியையே பார்த்துப் பழகியவனுக்கு நல்ல கோதுமை நிறம் நோய் மாதிரி தெரியாமல் வேறெப்படித் தெரியும்? பாலாடைக்கட்டிகள் கூடி நின்றுகொண்டு மனிதனைப் பார்த்துச் சிரிக்கின்றன. இந்த முடிவுக்கு வந்ததும் அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசானது.

அன்று மாலை மனைவி தெமியானா கூப்பிட்டாள். மகளுக்கு அலெக்ஸாண்ட்ரியாவில் பிரசவம். நோன்பு தொடங்குவதற்கு முன்பே போனவள் அங்கேயே இருந்தாள்.

"வீடியோவ ஆன் பண்ணுங்களேன். பேரனாவது உங்க மூஞ்சியப் பாக்கட்டும்."

"அந்தக் கலர் பொய்டி. பிள்ளை மொத மொதல்ல தாத்தாவப் பாக்கிறப்ப பொய்க் கலர்லயா பாக்கணும்? ஈஸ்டருக்கு நேர்லயே வர்றேன்."

"சாப்பிடுறீங்களா?"

"நோன்புடி."

"எனக்கு உங்கள நல்லாத் தெரியும். கவலை வந்தா நோன்பச் சொல்லித் தப்பிச்சுக்குவீங்க. என்ன கவலை?"

வஹீப் பேரனின் எடையை விசாரித்துப் பேச்சை மாற்றினார். நாற்காலி போகப்போகிறது என்று சொன்னால், பேரனைப் போட்டுவிட்டு அடுத்த ரயிலிலேயே வந்துவிடுவாள்.

மறுநாள் காலையில் ருஷ்தி, ஹுஸாமை ஸ்டூடியோவுக்கே வரவழைத்துவிட்டான். ஹுஸாம் எலி மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்து திரையின் நெற்றியில் ஒட்டவைத்தான். திரையில் சிவப்பு வந்தது, பச்சை வந்தது, நீலம் வந்தது. கருவி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மானிட்டர் மேல் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டது.

"அதுக்குக் கை இருக்கா?" என்றார் வஹீப்.

"எதுக்கு?"

"அந்த எலிக்கு."

ஹுஸாம் சிரித்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான். உள்ளறையில் தொங்கியது ஒரு குண்டு பல்பு. "சித்தப்பா! இதான் விஷயம். இந்த வெளிச்சத்துல உக்காந்தா உங்க கையோட நிறமே உங்களுக்குத் தெரியாது. பட்டப்பகல் வெளிச்சம் குடுக்கிற டியூப்லைட் இருக்கு, அதப் போடுங்க. அப்புறம் கைய வெச்சுப் பாருங்க."

தன் முறையை ஒருவன் மதித்துப் பேசியது வஹீபுக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கே டியூப்லைட் வாங்கி, நாற்காலிமேல் ஏறி, தானே மாட்டினார். இறங்கும்போது தலை சுற்றியது. கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுவிட்சைப் போட்டதும் அறை வெள்ளை வெளேரென்று ஆனது. வஹீப் கையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாளாக அந்தக் குண்டு பல்பு தன் கையின் நிறத்தைக் கரைத்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. உண்மையில் அவர் நினைத்ததைவிட அது நல்ல அடர்த்தியான நிறம். அறுவடைக்கு நிற்கும் கோதுமைதான். அப்படியானால் இதுவரை செய்த படமெல்லாமே போதாது. வஹீப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கை சொன்ன அளவுக்கு மஞ்சளை அள்ளிவிட்டார்.

அந்த வெளிச்சத்தில் செய்த முதல் படம், மருந்துக்கடைக்காரர் மகனின் பிறந்தநாள் படம். ஆளுயரத்துக்கு அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் அப்பன்காரன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்ப வந்தான்.

"எங்க வீட்ல மூணு தலைமுறையா ஃபுட்பால்ல ஸமாலெக் கட்சி" என்றான். "பையன் வெள்ளை ஸமாலெக் சட்டை போட்டுக்கிட்டுத்தான் இங்க வந்தான். படத்துல மஞ்சச் சட்டை போட்டு நிக்கிறான். எதிர் டீம் இஸ்மாயிலிக்காரனாக்கிட்டீங்களேடா! எங்கப்பா இதப் பாத்துட்டு, பேரன் கட்சி மாறிட்டான்னு நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்துட்டாரு."

இஸ்மாயிலி நல்ல டீம்தான் என்று சொல்ல வாயெடுத்த ருஷ்தி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அதே வேளையில் தஸூகியிடமிருந்து ஆள் வந்தான். இரண்டாவது ஆல்பத்தைக் கவுன்டர்மேல் வைத்தான். "முஅல்லிம் சொல்லச் சொன்னாரு" என்றான். "மொத ஆல்பமே தேவலையாம்."

ருஷ்தி அன்றைக்குக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு உள்ளறைக்கு வந்தான். அவன் கோபப்படவில்லை. அது வஹீபை இன்னும் பயமுறுத்தியது.

"உஸ்தாஸ், எங்கப்பா உங்கள என்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போனாரு. நான் உங்கள வெரட்டுனா அவரு மண்ணுக்குள்ள புரண்டு படுப்பாரு. ஆனா கடைய மூடுனாலும் புரண்டுதான் படுப்பாரு. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

வஹீபுக்கு அழுகை வரும்போல் இருந்தது. முழங்கையைச் சொறிந்துகொண்டார். மேசைமேல் இருந்த ஒரு பழைய படத்தை எடுத்துக் காட்டினார்.

"அந்த அம்மா, சித் இன்ஷிராஹ், நாப்பதாம் நாளுக்குப் படம் கேட்டிருக்காங்கல்ல? அவங்க சொல்லட்டும். அவங்க சரியில்லன்னு சொன்னா, நானே ஷாதிய உக்காரவெச்சிட்டுப் போறேன்."

சித் இன்ஷிராஹ் கணவனைப் பறிகொடுத்தவள். போன வாரம் கவுன்டரில் நின்று அழுதபடியே அந்தப் படத்தைக் கொடுத்தாள். ராஸ் எல்-பர் கடற்கரையில் என்றைக்கோ எடுத்தது. பழைய காகிதம், நிறமெல்லாம் பறந்து, ஆள் கடல் மணல் எல்லாமே ஒரே செக்கச்சிவப்பு. "இதுல அவரு நிறமே இல்லப்பா" என்றாள். "இப்பல்லாம் எல்லாரையும் பாலாடைக்கட்டி மாதிரி ஆக்கிடுறாங்க. அவரு மெனூஃபியாக்காரரு, வயல்ல நின்ன மனுஷன். எனக்கு அவரோட நிறம் வேணும். நாப்பதாம் நாள் ஓதுறப்ப அவரே சுவத்துல இருந்து பாக்கிற மாதிரி இருக்கணும்."

அதைக் கேட்டபோது வஹீப் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கவலைப்படாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். ஊரில் நிறம் தெரிந்த மனுஷி ஒருத்தியாவது மிச்சமிருக்கிறாளே என்று மனம் குளிர்ந்தது.

"சரி" என்றான் ருஷ்தி. "அவங்களே சொல்லட்டும். முப்பது வருஷம் அந்த மூஞ்சியப் பாத்தவங்க."

வஹீப் அந்தப் படத்தில் தன் உயிரையே வைத்து உழைத்தார். சிவப்பை உரித்தெடுத்தார். கிழிந்த இடத்தை மூடினார். மங்கிய மீசையை முடி முடியாக மீட்டார். பிறகு வெள்ளை வெளிச்சத்தில் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முகத்துக்கு நிறம் கொடுத்தார். நெற்றிக்குப் புறங்கை, கன்னத்துக்கு மணிக்கட்டு, காது மடலுக்கு விரல் நுனி. கண்ணின் வெள்ளையைக்கூட விட்டுவைக்கவில்லை. முகத்தோடு ஒட்டாமல் அது மட்டும் தனியாகப் பளீரென்று நின்றதால், அதிலும் கொஞ்சம் நிறம் ஏற்றினார். நடுவில் இரண்டு தடவை மேசைமேல் தலை சாய்த்துப் படுத்துக்கொண்டார். டீக்கடைக்காரன் கொடுத்தனுப்பிய ரொட்டியும் மொச்சையும் அப்படியே ஆறிப்போயின. வயிற்றைப் புரட்டியது. இந்த ஒரு படம் முடியட்டும், ஈஸ்டர் வரட்டும், கறி தின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சித் இன்ஷிராஹ் வந்த அன்றைக்கு ருஷ்தி ஷாதியையும் வரச்சொல்லியிருந்தான். அந்தப் பையன் கவுன்டரில் சாய்ந்துகொண்டு போனில் தன் முகத்தையே வெளுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தலைமுதல் கால்வரை கறுப்பில் இருந்தாள் அவள். நல்ல வெளிச்சத்தில் பார்க்கட்டும் என்று வஹீப் அவளை உள்ளறைக்கு அழைத்துப்போனார். சட்டம் போட்ட படம் துணி மூடிச் சுவரில் சாய்ந்திருந்தது. ருஷ்தி வாசலில் நின்றான்.

"உண்மையச் சொல்லுங்கம்மா" என்றான் ருஷ்தி. "நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லிடுங்க. எங்க மனசு புண்படும்னெல்லாம் பாக்காதீங்க."

வஹீப் துணியை எடுத்தார்.

அவள் படத்தின் முன்னால் போய் நின்றாள். கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். ருஷ்தி படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். படத்தில் இருந்தவர் குங்குமப்பூச் சோறு நிறத்தில் இருந்தார். ருஷ்தி மனசுக்குள் ஷாதிக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டான்.

"யா ஹபீபி, என் ராசா" என்றாள் சித் இன்ஷிராஹ். "இவருதான். அல்லா, இவரேதான்!"

ருஷ்தி கண்ணைத் திறந்தான்.

"நிறம்?" என்றான். "நிறம் சரியா இருக்காம்மா?"

"இதே நிறம்தான்ப்பா. நெத்தி, கன்னம், கண்ணுகூட... ஒரு நூல் கூடல, ஒரு நூல் குறையல." கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. வஹீப் பக்கம் திரும்பினாள். "நீங்க அவரப் பாத்ததே இல்லையே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வஹீபின் முன்னால் கறிக்கடைக்காரர், தலைமையாசிரியை, ஸமாலெக் கட்சி, எலிக்கருவி எல்லோரும் ஒரே நொடியில் தோற்றுப்போனார்கள்.

"கை சொல்லுச்சும்மா" என்றார். இடது கையைத் தூக்கிப் படத்தின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எது கை, எது கன்னம் என்று தெரியவில்லை.

ருஷ்தி தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிடுங்க உஸ்தாஸ்" என்றான். "நாற்காலி உங்களுதுதான். நீங்க இருக்கிறவரைக்கும் உங்களுதுதான். டேய் ஷாதி, நீ வீட்டுக்குப் போ!"

வஹீபால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தடித்த கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி சிரித்தபடி நிமிர்ந்தார்.

சித் இன்ஷிராஹ் அவர் கையைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாத அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. ஒரு அடி கிட்டே வந்து, ஆஸ்பத்திரியில் பேசுகிறவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ஈரல் கெட்டு அவரு கண்ண மூடுன அன்னைக்கு இதே நிறத்துலதான் கெடந்தாரு... உங்களுக்குக் காமாலை வந்து எவ்வளவு நாளாச்சு, உஸ்தாஸ்?"